உன் பியானோவில் நான் குத்திய நாலு குத்து

அக்கா,

இன்று பள்ளி விட்டு வரும்போது கச்சேரி அரங்கத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உன் பியானோவில் கம்பிகளை அடிக்கும் கம்பளிச் சுத்திகளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கொட்டியிருந்தார்கள். நனைந்த ஸ்வெட்டர் மாதிரி அதே வாசனை. உன் துப்பட்டாவெல்லாம் அப்படித்தான் இருக்கும். "ஆட்டுக்குட்டி வந்துட்டா, தழை எடும்மா" என்று அம்மாவிடம் கத்துவேன். நீ சீப்பை வீசுவாய்.

அரங்கத்துப் பியானோவைச் சரிபண்ணித் தருவது உன் வேலை. பியானோ ஒன்று, வாசிக்க வருகிறவர்களின் ஆசை ஆளுக்கொன்று. ஒரு பிரெஞ்சுக் கிழவருக்கு நாதம் வெண்ணெயாகக் குழைய வேண்டும். கம்பளியை ஊசியால் குத்தி இளக்குவாய். அடுத்தவருக்குக் கணீரென்று வேண்டும், உப்புத்தாளால் தேய்ப்பாய்.

"ஊசி போட்டே பொழைக்கிறியே, நீ நர்சா?"

"உனக்கும் ஒண்ணு போடணும்டி, வாயில."

கடைசியாக வாசிக்க வந்த சென்னைக்காரி கணீர் கேட்டிருந்தாள். மூன்று நாள் தேய்த்தாய். கச்சேரியன்று மதியம் நீ டீ குடிக்கப் போன நேரத்தில், நடுவில் ஒரே ஒரு சுத்தியில் உன் ஊசியால் ஆழமாக நாலு குத்து குத்தினேன். ஒரு கட்டைக்கு மட்டும் சளி பிடிக்கும், நீ அலறுவாய், சிரிக்கலாம். அவ்வளவுதான் திட்டம். குத்திய கம்பளி பழையபடி இறுகாது என்று எனக்குத் தெரியாது.

நீ அலறவில்லை. அந்தக் கட்டையை நாலைந்து முறை தட்டினாய்.

"நீதானே?"

"எலியா இருக்கும்."

"இதுல அரக்கு விட்டு இறுக்குனா தகரமா கத்தும். மத்ததையெல்லாம் குத்தி இதுக்குச் சமமா எறக்கணும். வேற வழி இல்ல."

மூன்று நாள் வேலையை நீயே குத்திக் குத்திக் கெடுத்தாய்.

வாசித்து இறங்கியவள் மேனேஜரிடம், "மெத்தை மேல வாசிச்ச மாதிரி இருக்கு. யாரு சார் இந்தப் பொண்ணுக்கு வேலை குடுத்தது?" என்றாள்.

"என் கை தப்புதான் சார்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் உன்னைக் கூப்பிடவே இல்லை. போன மழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அரங்கத்துலேர்ந்து போன் வந்துச்சா?" என்று கேட்டாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

இன்று மேனேஜர், சுத்தி மாற்ற வந்த புது ஆளிடம், "முன்னாடி ஒரு பொண்ணு குத்தி நாசம் பண்ணிட்டா" என்றார்.

"சார், அது அக்கா இல்ல. நான்தான் குத்துனேன்."

சிரித்தார். "போன வாரம் வாசல்ல 'கச்சேரி ரத்து'ன்னு எழுதி ஒட்டுனவதானே நீ? அக்கா மேல பாசம், புரியுது. போம்மா."

பெட்டியைக் கிளறினேன், என் சுத்தியைக் காட்டி நிரூபிக்கலாமென்று. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் குத்து. அவ்வளவு சமமாக இறக்கியிருந்தாய், அக்கா.

நான் விட்ட கதையையெல்லாம் நம்பிய ஊர் இது. இதை மட்டும் நம்பாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் நம்பிவிடுவாள்.