ஹாலிஸின் நாற்காலி

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிஃபோர்னியா
1974 மார்ச் 4

மதிப்புக்குரிய ப்ரூயிட் அம்மாளுக்கு, வெண்டல் டேக்கெட் வணக்கத்துடன் எழுதுவது.

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் மறுபடியும் வீடு மாறிவிட்டேன், புது விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை.

இங்கே ஒரு சின்னக் கம்பெனி ஆர்வில் ஐயாவும் நம் குழுவும் போட்ட பழைய இசைத்தட்டுகளைத் திரட்டி ஒரே தட்டாகப் போடப்போகிறது. நாம் வாசித்ததற்கு இப்போது வெஸ்டர்ன் ஸ்விங் என்று பெயராம். நமக்கு அது சனிக்கிழமை நடனம், அவ்வளவுதான். முதல் பாட்டே 'செம்மண் சாலை'. அதன் நடுவில் வரும் பிடில் நான் வாசித்தது. ஆனால் யார் வாசிக்கப்போகிறானோ அவன் பெயரைச் சொல்லி ஐயா கத்துவார் இல்லையா, அங்கே என் பெயருக்குப் பதில் "வாடா ஹாலிஸ், வா!" என்று தன் தம்பியின் பெயரைக் கத்திவிட்டார். எனக்கு முன் பிடில் வாசித்த ஹாலிஸ் அவரோடு சண்டை போட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய் அப்போது பல மாதம் ஆகியிருந்தது. வாய்ப் பழக்கம். அன்று முதல் அந்த வாசிப்பு ஹாலிஸுடையது என்றே ஆகிவிட்டது.

கம்பெனிப் பையன் சொல்கிறான்: "பெரியவரே, தட்டுலயே பேரு கேக்குது. நான் என்ன பண்றது? அந்தம்மா ஒரு வரி எழுதிக் குடுத்தா உங்க பேரைப் போட்டுடறேன். அந்தக் கத்தலையும் வெட்டி எடுத்துடறேன்."

ஹாலிஸ் உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அந்த ஒரு வரியை எழுதித் தருவீர்களா?

பணிவுடன்,
வெண்டல்


வேக்கோ, டெக்சஸ்
1974 மார்ச் 12

அன்புள்ள வெண்டல்,

பென்சிலால் எழுதிய கடிதத்துக்குப் பதில் போடக்கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். உனக்காக அந்த விதியை மீறுகிறேன்.

ஆர்வில் என் கணவர், எனக்குத் தெரியும்: வாய்ப் பழக்கத்தால் எதையும் செய்தவரல்ல. வானொலியில் கோழித்தீவன விளம்பரத்தைப் படிப்பதற்குக்கூட மூன்று முறை ஒத்திகை பார்த்தவர். அவர் தவறு செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட என்னால் முடியாது. அவர் குரலை வெட்டும் பேச்சே வேண்டாம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அறை அறையாக நடந்துகொண்டிருக்கிறேன். முழங்காலைப் பற்றி விசாரித்தாயே, அதனால் சொல்கிறேன்.

கோர்டீலியா ப்ரூயிட்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
மார்ச் 19

அம்மா,

பேனாவால் எழுதுகிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாட்டைப் பதிவு செய்த அன்று டல்லாஸில் அந்தக் கிடங்கில் நீங்களும் இருந்தீர்கள். பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டு உருகிவிடக்கூடாது என்று தொட்டி நிறையப் பனிக்கட்டி வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் விசிறியை நிறுத்துவது உங்கள் வேலை. "பையா, வேர்வை வில்லுல சொட்டுது, தொடைச்சுக்கோ" என்று கைக்குட்டையை நீட்டியது நீங்கள்தான். யாருக்கு நீட்டினீர்கள்? ஹாலிஸுக்கா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேடையில் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. ஐயாவுக்கு இடப்பக்க நாற்காலி ஹாலிஸுடையது என்று யாரையும் அதில் உட்கார விடமாட்டார். அது காலியாகக் கிடக்கும், பக்கத்தில் நான் நின்றுகொண்டு வாசிப்பேன். "ஏன்டா, மூலமா? உட்காரேன்" என்று பாஞ்சோக்காரன் சிரிப்பான். குழு கலையும்வரை நின்றேன். ஒரு தட்டின் அட்டையிலாவது எனக்கு இடம் கேட்டால் தப்பா?

வெண்டல்


வேக்கோ
மார்ச் 27

அன்புள்ள வெண்டல்,

கைக்குட்டை உனக்குத்தான் நீட்டினேன். அதை நீ திருப்பித் தரவில்லை.

வாசித்தது நீ என்பதை நான் மறுக்கவே இல்லை. என் கடிதத்தை மறுபடி படித்துப் பார். ஆர்வில் தவறு செய்யவில்லை என்றுதான் எழுதினேன். அன்று காலை காரில் போகும்போதே சொன்னார்: "கோர்டீலியா, ஹாலிஸ் எந்த ஊர்ல எந்த மதுக்கடையில உக்காந்திருந்தாலும் அங்க காசு போட்டாப் பாடுற ஜூக்பாக்ஸ் இருக்கும்ல? நான் கூப்பிடுறது காதுல விழட்டும். கடுதாசி போட்டாக் கிழிச்சிடுவான். பாட்டைக் கிழிக்க முடியுமா?" உனக்கு அநியாயம் ஆகுமே என்றேன். "பையன் சின்னவன். இன்னும் நூறு தட்டுல வாசிப்பான்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடனக்கூடத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார். அவர் சாகும்வரை ஹாலிஸ் வரவில்லை. அந்த அழைப்பு ஹாலிஸின் காதில் விழுந்ததா? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஹாலிஸின் கடைசி நாட்களில் நீ அங்கே இருந்தாய். உனக்குத் தெரிந்தால் எழுது. என் மனம் நோகும் என்று பார்க்காதே.

கோர்டீலியா


பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 3

அன்புள்ள அம்மா,

விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஹாலிஸே சொன்னார். "டேய் வெண்டல், என் பேர்ல என்னைவிட நல்லா வாசிச்சுத் தொலைச்சிட்டியேடா. போற எடமெல்லாம் 'அந்தச் செம்மண் சாலை மாதிரி வாசி'ங்கறான். எனக்கு விரல் ஓடினாத்தானே!" என்று இருமிக்கொண்டே சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அண்ணன் கூப்பிடுறான்னு தெரியும்டா. பெட்டியைக் கட்டிட்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். அங்க காப்பிக்கடையில அதே பாட்டு. நின்னு முழுசாக் கேட்டேன். அண்ணன்கிட்டதான் ஒரு ஹாலிஸ் இருக்கானே, இவ்வளவு நல்லா வாசிச்சுக்கிட்டு. நான் எதுக்குன்னு திரும்பிட்டேன்."

பெயர் இல்லாவிட்டால் போகட்டும். கம்பெனிக்காரனிடம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

வெண்டல்


வேக்கோ
1974 ஏப்ரல் 15

அன்புள்ள வெண்டல்,

ஆர்வில் தவறு செய்யவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை அடித்துவிடு.

நீ எதையும் வேண்டாமென்று சொல்லப் போகாதே. கம்பெனிக்கு நேற்றே எழுதிவிட்டேன். என் பெயரும் தேதியும் போட்டு, மையில்: "செம்மண் சாலை. பிடில், வெண்டல் டேக்கெட். அருகில் இருந்து பார்த்தவள் நான்." அந்தப் பையன் உன் பெயரில் எழுத்துப்பிழை விட்டால் எனக்குத் தெரிவி.

அழைப்பை வெட்ட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். உன்னிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். தட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் கூப்பிட்டது ஹாலிஸை. வந்தது நீ. கேட்கிறவர்களுக்கு இரண்டும் கேட்கட்டும்.

அந்த நாற்காலி என் சமையலறையில்தான் இருக்கிறது. அதில் பழைய பத்திரிகைகளை அடுக்கியிருந்தேன். இன்று எடுத்துத் துடைத்தாயிற்று. மே மாதம் வா. பிடிலைக் கொண்டுவா, என் கைக்குட்டையையும். இங்கே நீ உட்கார்ந்து வாசிக்கலாம்.

அன்புடன்,
கோர்டீலியா