மேல்மாடி காலியாகக் கிடந்த மழைக்காலம்

அன்புள்ள பட்டுவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் லோனுக்கு நம் வீட்டை ஈடு வைக்க நீ அனுப்பிய அடமானப் பத்திரம் வந்து சேர்ந்தது. அப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துப் பார்க்க வேண்டாமா என்றேன். "பெத்த பொண்ணு கேக்குறா, இதுல படிக்க என்ன இருக்கு?" என்றார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் நானும் போட வேண்டும். ஃபோனில் பேசினால் என்னைச் சிரிக்க வைத்தே சம்மதம் வாங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மேல்மாடி நர்ஸம்மா போன வாரம் காலி செய்துவிட்டார். பெருக்கப் போனவள் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அப்பாவே பெயிண்ட் அடிப்பார், அது காய்ந்ததும் ஒரு ஞாயிறு முழுக்க நாம் மூவரும் அங்கே குடித்தனம் நடத்துவோம், நினைவிருக்கிறதா? ஒரு நாளாவது வாழ்ந்து பார்த்தால்தான் வீட்டின் குறை தெரியும் என்பது அவர் கட்சி. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஹவுஸ் ஓனர் சார், குழாய் ஒழுகுது, வாடகை தர மாட்டேன்" என்பாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த மாசம் பாக்கலாம் மேடம்" என்பார். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மூன்று பேரும் சேர்ந்தே வளர்ந்தோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இந்த வீட்டுக்கு லோன் கிடைத்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அப்பா சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்தவர் அல்லவா, ஆடிட்டர் எல்லாச் செலவையும் கழித்து வரியே இல்லாமல் செய்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதே கணக்கைப் பார்த்த வங்கி மேனேஜர், "இந்த வருமானத்துல நீங்க சாப்பிடுறதே ஆச்சரியம், தவணை எப்படி சார் கட்டுவீங்க?" என்று கேட்டாராம். அப்புறம் இரண்டு வருஷம் வந்த காசையெல்லாம் கணக்கில் காட்டி, முணுமுணுத்துக்கொண்டே வரி கட்டி, அதற்குப் பிறகுதான் லோன். இப்போது உன் வங்கியும் உன்னிடம் அதையே சொல்லியிருக்கிறது. மூக்கு மட்டும்தான் அப்பாவுடையது என்று நினைத்திருந்தேன்.

வாடகைக்கு விட நீ வாங்க நினைக்கும் இரண்டு வீட்டுக்கும் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாய். வட்டியைக் கழித்து வரி கணக்கிட்டது சரிதான். ஆனால் உன் கணக்கில் வருஷம் முழுக்க ஆள் குடியிருக்கிறார்கள், எதுவும் ஒழுகுவதில்லை, உனக்குக் காய்ச்சலே வருவதில்லை. நீ சின்னவளாக இருந்தபோது ஒரு மழைக்காலம் பூராவும் நம் மேல்மாடி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார், அவர் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். உனக்கு அது அப்பா வீட்டிலேயே இருந்து உன்னோடு கேரம் ஆடிய நல்ல காலம். நான் வங்கியிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்காமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். வீட்டை இழந்துவிடுவோமோ என்ற அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. அன்று நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நீ அங்கே தனியாக, சொந்தத் தொழிலை மட்டும் நம்பி நிற்கிறாய். எல்லாம் கவிழ்ந்தாலும் நீ திரும்பி வர ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

அதனால் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அப்பா இரண்டு நாளாக டீ வேண்டும் என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறார். நீயும் கோபித்துக்கொள், ஆனால் கோபமாகவாவது பேசு. இரண்டு வருஷம் வருமானத்தை முழுசாகக் காட்டி வரி கட்டு, அப்புறம் உன் பெயரிலேயே, ஒரே ஒரு வீட்டுக்குக் கேட்டுப் பார். முன்பணத்துக்கு என் சேமிப்பைத் தருகிறேன், அதைத் திருப்பித் தர வேண்டாம்.

கை வைத்த காரியமெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், நோய்நொடி அண்டாமல் இரு. வரிக்கென்று பணத்தைத் தனியாக எடுத்துவைக்க மறக்காதே. இப்போதைக்கு என் கையெழுத்து இந்தக் கடிதத்தில் மட்டும்தான்.

உன் அம்மா