கத்தி காரணமில்லை, தம்பி

சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் தம்பி ஜெரோமுக்கு,

உன் அக்கா முழுகாமல் இருக்கிறேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷமாகச் சொல்லும் நிலையில் நான் அப்போது இல்லை. வயிற்றில் இருப்பது பையனாக இருந்து, அவனுக்கும் உன்னைப் போல ரத்தம் உறையாத வியாதி வந்துவிட்டால்? இந்தப் பயத்தில்தான் கல்யாணத்தையே இத்தனை காலம் தள்ளிப்போட்டேன்.

அந்த வியாதிக்கு நம் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு காரணத்தை முடிவு செய்து வைத்திருந்தார்கள், உனக்கும் தெரியும். நீ ஏழு மாதக் கருவாக இருந்தபோது கிரகணம் பிடித்தது. அன்று அம்மா பசி தாங்காமல் கத்தி எடுத்துப் பலாக்காய் வெட்டிவிட்டார். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான் நாம், ஆனாலும் கிரகணம் என்றால் எல்லோருக்கும் ஒரே பயம். நீ தவழ ஆரம்பித்து முட்டி வீங்கியதும், கத்தி தொட்டதால்தான் பிள்ளைக்கு ரத்தம் நிற்கவில்லை என்றார்கள்.

கிரிக்கெட் ஆடக்கூடாது என்றதும் அம்பயராக நின்று, பிடிக்காதவனுக்கெல்லாம் விரலைத் தூக்கி அவுட் கொடுத்தவனடா நீ. கடைசியில் லயத்துப் படியில் வழுக்கி விழுந்தாய். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. உன்னை அடக்கம் செய்த இடத்திலேயே அத்தை அம்மாவிடம் கேட்டார்: "ஒரு நேரம் பசி பொறுக்க முடியலையா ஒனக்கு?" அத்தை மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

போன மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் எனக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நீ இருந்த காலத்தில் எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைத்த உன் ரத்தமும் அங்கே இருந்ததாம். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். மண்ணுக்குள் போன பிறகும் உன்னில் கொஞ்சம் மேலே இருந்திருக்கிறதே!

முடிவு வந்த அன்று டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதி, இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தானாம். புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து வேறெங்கோ செருகுவது மாதிரி, தன்னைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்தில் நுழைந்துகொள்ளும். எலிக்கும் மாட்டுக்கும் நமக்கும் இது பொது. பெரும்பாலானவை செயலற்றுக் கிடக்கின்றன, மற்றதை உடம்பு கட்டிப்போட்டு வைக்கிறது. அப்படி ஒன்று தப்பிப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் மரபணுவின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. உன்னில் மட்டும். என் ரத்தத்தில் அது இல்லை. அம்மாவின் ரத்தத்திலும் இல்லை.

அம்மாவின் ஒரு கருமுட்டையிலோ, நீ உருவான முதல் நாட்களிலோ அது நடந்திருக்கும் என்றார். கிரகணம் வந்தபோது உனக்கு விரல்கள்கூட முளைத்துவிட்டன. பலாக்காய் வெட்டியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தத் துண்டுகளை மனசாரத் திட்டவும் முடியவில்லை. கரு வளரத் தொடங்கும்போது அவற்றில் சில விழித்து வேலை செய்யாவிட்டால் எலியின் கருகூட மேலே வளராதாம். என் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நஞ்சுக்கொடி உருவாவதற்கே, அவற்றுக்கு உறவான ஏதோ ஆதிகாலத்து வைரஸ் விட்டுப்போன மரபணு வேண்டுமாம். வயதானால் கட்டுத் தளர்ந்து அவை மறுபடி அசையும், முதுமையின் நோய்களுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த அம்மாவின் வீங்கிய விரல்களைப் பார்த்தேன். உன்னைக் கொண்டுபோனதும் என் பிள்ளையை வளர்ப்பதும் ஒரே கூட்டம் என்றால், யாரிடம் போய் நியாயம் கேட்பது?

மாத்தளையில் இறங்கி, ஊருக்குத் திரும்பும் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறிய பிறகுதான், சிங்களம் சரியாகப் புரியாத அம்மாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். "ஒங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. கத்தியும் இல்ல, கிரகணமும் இல்ல. அது தானா நடந்தது."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒன் புள்ளைக்குப் பயமில்லைதானே?"

"அந்தப் பயம் இல்லம்மா."

"அது போதும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "கல்லறைக்குப் போறப்பல்லாம் அவன்கிட்ட 'என்னைய மன்னிச்சிருடா'ன்னு மட்டுந்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். வேற ஒன்னும் பேசுனதே இல்ல. இனி போயி என்னத்தடி சொல்லுவேன்?"

அம்மா உன்னை இன்னும் ஒரு மகனாக நினைத்து அழவே இல்லை என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் புரிந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த முறை உன் கல்லறைக்கு அம்மாவைத் தனியாக அனுப்ப மாட்டேன். நானே கூட்டி வருவேன். குற்றவாளியாக இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வருவார். பேச்சு வர நேரமாகும். அதுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அவசரப்படாதே.

எத்தனை வருடம் போனாலும் உனக்கு மூத்தவள்,
உன் அக்கா ரீட்டா