நான்கு நல்ல பற்கள்

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சர்ச்சுக்குப் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் பல் கிளினிக். மகள் ஜெனிக்கு மேல்வரிசை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, கீழ்வரிசை ஒன்றின் மேல் ஒன்று. பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. கிளிப் போட்டே ஆக வேண்டும் என்று மனைவி ஸ்டெல்லா ஒரு வருடமாக நச்சரிப்பு.

கிளினிக்கில் தினமும் இருப்பது ஒரு லேடி டாக்டர். கிளிப் டாக்டர் பெங்களூரிலிருந்து ஒன்று விட்டு ஒரு ஞாயிறு மட்டும் வருவார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பி குத்தினால் நடுவில் யாரைப் போய்ப் பிடிப்பது?

கிளிப் டாக்டர் சொன்னது:
— கிளிப் இரண்டு வருடம்.
— மொத்தம் ரூ. 45,000. முதலில் பதினைந்து, மீதி மாதாமாதம்.
— அதற்கு முன் நான்கு பல் பிடுங்க வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு. லேடி டாக்டர் பிடுங்குவார்.

"சொத்தைப் பல்லா சார்?"

"இல்ல, நல்ல பல்லுதான். மத்த பல்லு உள்ள போக இடம் வேணும்ல."

நல்ல பல்லாம். அவர் வாயாலேயே சொன்னார். ஒயிட்ஃபீல்ட் குடோனில் உள்ளே வரும் சரக்கைச் சரிபார்க்கிற வேலை எனக்கு, பதினெட்டு வருடமாக. நல்ல சரக்கைத் தூக்கிப் போடு என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு அதில் ஏதோ இருக்கிறது. பிடுங்குவதற்குத் தனி ஃபீஸ். அதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் குரல் இறங்கியது.

பிளாஸ்டரில் வார்த்த ஜெனியின் பல் மாடலையும் எக்ஸ்ரேயையும் கேட்டேன், வேறு இடத்தில் காட்ட. ரிசப்ஷன் பெண் தயங்கினாள். ஏன் தயங்க வேண்டும்? கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

குளிர். ஊரிகம் ஸ்டேஷனில் ட்ரெய்ன் ஏழு நிமிடம் லேட்.

மாடலை லஞ்ச் பையில் எடுத்துப் போனேன். எங்கள் பெட்டியில் பன்னிரண்டு வருடமாக அதே ஆட்கள், அதே சீட்டாட்டம். வீடு வாங்குவதானாலும் பெண் பார்ப்பதானாலும் முதலில் அங்கே ஒரு விசாரணை. என் தங்கை கல்யாணமே மாலூருக்கும் தேவன்கோந்திக்கும் நடுவில் முடிவானதுதான். அதனால் காட்டினேன்.

பங்காருபேட்டையிலிருந்து கைமாறிக்கொண்டே இருந்தது.

"இன்னாப்பா இது, பொம்மப் பல்லா?"

"நல்ல பல்ல புடுங்குனா கண்ணு போயிடும், சொல்லிட்டேன்."

"எங்க மச்சான் பொண்ணுக்குப் புடுங்காமயே போட்டாங்க. ஒயிட்ஃபீல்ட்ல."

"நாலு பல்லு புடுங்குனா நாலு காசு. அவ்ளோதான் மேட்டர்."

எங்களோடு சீட்டாடுகிற விக்டர் மாடலைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்து, மேல்பாதியையும் கீழ்பாதியையும் டக் டக் என்று தட்டி, "டாடி, எனக்குக் கிளிப்பு" என்று பேச வைத்தார். பெட்டியே சிரித்தது. நானும்.

தீர்ப்பு: பிடுங்கக் கூடாது.

ஜூன் 11, செவ்வாய்

லஞ்ச் நேரத்தில் ஒயிட்ஃபீல்ட் கிளினிக். ஏ.சி. ஹால். கேட்காமலேயே காபி வந்தது, அப்போதே உஷாராகிவிட்டேன். டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. கோட்டு போட்ட ஒரு பெண் எக்ஸ்ரேயைப் பார்த்து, பிடுங்கவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கிளிப் இருக்கிறது என்றாள். இரண்டரை லட்சம். இன்றே கட்டினால் தள்ளுபடி.

பிடுங்காமல் சரியாகும் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். பணம் கட்டிய பிறகு டாக்டர் சொல்வாராம்.

காபியை முழுவதும் குடித்துவிட்டு வந்தேன். ஒருவர் பிடுங்கி நாற்பத்தைந்து. இன்னொருவர் பிடுங்காமல் இரண்டரை லட்சம். இரண்டில் ஒன்று பொய். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

காற்று. மூடின தங்கச் சுரங்கத்து சயனைட் மேட்டுத் தூசி வீடு முழுக்க, தண்ணீர்க் குடத்தின் மேல்கூட.

வீட்டுக்கு வரும்போது எட்டரை. ஜெனி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். விக்டரின் பெண் அவள் வகுப்புதான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அப்போது நினைவில் இல்லை. ட்ரெய்னில் பல் பேசிய கதை இன்று வகுப்புக்கு வந்துவிட்டதாம். ஜெனி உள்ளே நுழைந்தால் இரண்டு கைகளையும் தாடை மாதிரி வைத்துத் தட்டுகிறார்களாம், டக் டக் என்று.

"எம்பல்ல இன்னாத்துக்கு ட்ரெய்ன்ல காமிச்சீங்க டாடி?"

"நாலு பேர்கிட்ட கேக்குறது தப்பாம்மா?"

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"இல்ல."

"விக்டர் அங்கிள் வீட்ல சொன்னாராம், நீங்கதான் ரொம்ப சிரிச்சீங்கன்னு."

எழுந்து போய்விட்டாள். கிளினிக்காரர்கள் பொய்யைத் தேடிப் போனவன் நான்.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச். போன வாரம் ஏன் வரவில்லை என்று பாஸ்டர் கேட்டார். பல் என்றேன். ஜெனி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்: "கோலார் பெரியாஸ்பத்திரியில காட்டிட்டுத்தான் மத்தது. அடுத்த வாரம் லீவு போடறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் புடுங்க வேணாம்."

"சரிங்க."

இருபது வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை.

ஜூன் 19, புதன்

வீட்டில் ஏதோ நடக்கிறது. நேற்றும் இன்றும் கண்ணில் பட்டவை:

— எட்டரைக்கே ஜெனி தூங்குகிறாள், சுவர்ப் பக்கம் திரும்பி. பரீட்சை இல்லாத மாதத்தில்கூட பத்து மணிக்கு முன் படுக்காதவள்.
— அடுப்படியில் கஞ்சி. யாருக்கும் காய்ச்சல் இல்லை.
— ஸ்டெல்லா காதில் ஜிமிக்கி இல்லை. திருகு லூசாம்.
— ஜெனியின் போன் கவிழ்த்து வைத்திருக்கிறது.

எவனாவது பையனா? ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்கு வேற நெனப்பே வராதா? போய் படுங்க," என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

கிளிப் டாக்டர் வரும் ஞாயிறு. சர்ச்சுக்குப் போனோம், கிளினிக்குக்குப் போகவில்லை. கூப்பிட்டுத் தொல்லை செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன், கிளினிக்கிலிருந்து போனே வரவில்லை. அதுவும் சந்தேகம்தான்.

ஜெனியிடம் நாலு தடவை பேச்சுக் கொடுத்தேன். தலையாட்டல் மட்டும். பிரியாணியில் சோற்றை மட்டும் சாப்பிட்டாள், கறியைத் தம்பி தட்டில் வைத்தாள். பத்து நாளாக அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து வாயே திறக்கவில்லை. கஷ்டமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 25, செவ்வாய்

லீவு. முதல் பஸ்ஸில் கோலார். ஒன்பதரைக்குச் சீட்டு, பதினொன்றே காலுக்கு டாக்டர். சின்ன வயசு, தூக்கக் கண். மாடலை இரண்டு பக்கமும் திருப்பினார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ஜாக இல்ல சார். தெகீலேபேக்கு," என்றார். இடம் இல்லை, எடுத்தே ஆக வேண்டுமாம்.

நல்ல பல்லாச்சே என்றேன். நாலு பேர் பெஞ்சில் அஞ்சு பேர் உட்கார முடியுமா என்று கன்னடத்திலேயே கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரு பைசா லாபம் இல்லாதவர். அவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று பஸ்ஸில் முழு வழியும் யோசித்தேன். முடியவில்லை. அப்பாடா என்று இருந்தது. நானே கூட்டிப் போகிறேன், இந்த வாரமே, என்று ஜெனியிடம் சொல்ல வேண்டும். அதற்காகவே பங்காருபேட்டையில் அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கினேன்.

வீடு பூட்டியிருந்தது. மணி மூன்று. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: "பல்லு டாக்டர்கிட்ட போயிகிறாங்க அண்ணா. போன வாரமும் போனாங்களே."

ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை. உள்ளே நுழைகிறேன், ஜெனி பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். ஒரு கன்னம் வீங்கி, கண் சிவந்து. போன செவ்வாய் வலது பக்கம் இரண்டு. இன்று இடது பக்கம் இரண்டு. முடிந்துவிட்டது. ஜிமிக்கி அடகுக் கடையில். கிளிப் டாக்டர் ஞாயிறு வந்ததும் கம்பி போட நாள் கொடுத்துவிட்டாராம், நாங்கள் சர்ச்சில் இருந்தபோது ஸ்டெல்லாவுக்குப் போன் வந்திருக்கிறது.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு தடவைகூட அங்கே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆட்டோவில் மூன்று பேரும். கோலார் டாக்டரும் எடுக்கத்தான் சொன்னார் என்றேன்.

"எடுத்தாச்சே," என்றாள் ஸ்டெல்லா.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா," என்று ஜெனியைக் கேட்டேன். வாயில் பஞ்சு. போனை எடுத்து டைப் செய்து என் பக்கம் திருப்பினாள்.

சொன்னா ட்ரெய்ன்ல சொல்லுவீங்க.

படித்தேன். போனை அவள் கையிலேயே கொடுத்தேன். பால்கோவாவைக் கடிக்காமல் சாப்பிடலாமா என்று கேட்டேன், தலையாட்டினாள். பாதியைத் தம்பிக்கு என்று ஒதுக்கி வைத்தாள்.

ஜூன் 26, புதன்

தூறல். ட்ரெய்ன் சரியான நேரம்.

கோலார் போவதைத் திங்களன்றே பெட்டியில் சொல்லியிருந்தேன். சீட்டு கலைத்துக்கொண்டே விக்டர் கேட்டார்: "இன்னாப்பா, பல்லு மேட்டர் இன்னாச்சு? கோலார்ல இன்னா சொன்னாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது எங்க வீட்டு விஷயம் விக்டர். விட்டுடு," என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சீட்டைப் பிரித்துப் போட்டார். எனக்குப் போடவில்லை. ஒயிட்ஃபீல்ட் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.