வெள்ளிக்கிழமை மீன்

பர்மிங்ஹாம், ஜூன் 1969

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? ஜூலை ஊர்வலத்தில் மேளம் தூக்க முடியுமா?

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். ஆங்கிலேய வீட்டுக்காரி என்னையும் பக்கத்து அறை பிலோமினாவையும் வெளியே அனுப்பிவிட்டாள். பிலோமினாவும் நம் பெல்ஃபாஸ்ட்தான், கத்தோலிக்கப் பெண்.

"நான் புராட்டஸ்டண்ட்!" என்று கத்தினேன்.

"எந்தக் கோயிலுக்குப் போனா எனக்கென்ன? ஐரிஷ்காரி ஐரிஷ்காரிதான், கிளம்பு."

மழையில் நின்றுகொண்டு பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்குத்தானாடி எங்க ஆளுங்களை ஜெயிச்ச நாளுன்னு உங்கப்பா வருஷா வருஷம் மேளம் அடிக்கிறாரு?"

இப்போது ஒரே அறையில் இருக்கிறோம். ஞாயிறு அவள் பூசைக்குப் போனால் தனியே அறையில் இருக்கவே பிடிப்பதில்லை. என் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவளோடு வருகிறேன். நம் வீட்டில்தான் தங்குவாள். கூடாது என்றால் நான் அவள் வீட்டில் தங்கிக்கொள்வேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

நாங்கள் வரும் நாள் வெள்ளிக்கிழமை, கத்தோலிக்க வழக்கப்படி அவள் இறைச்சி தொடமாட்டாள். நீங்களே போய் நம் புராட்டஸ்டண்ட் தெருக் கடையில் மீன் வாங்கி வையுங்கள். யாருக்கு என்று கேட்டால், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஹேசல்