பன்னிரண்டு சிவப்பு நாடா

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதறேன். காது ரெண்டத் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்கு. நேத்து போன்ல நீங்க நாலு நிமிஷம் பேசுனீங்க, நானும் நாலு நிமிஷம் “ஆமா, ஆமா”ன்னேன். வச்சப்புறம்தான் பயம் வந்துச்சு, எதுக்கெல்லாம் ஆமா போட்டேனோன்னு. அதான் கடுதாசி.

தங்கச்சி, இத நீதான் உரக்கப் படிக்கப்போற. கண்ணுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல. உன் வீட்டுக்காரரத் திட்டற இடம் வந்தா கொஞ்சம் அழுத்தமாப் படி.

மாப்ளே, நாப்பது வருஷமா மருந்துக்கடைக் கல்லாவுல உக்காந்துக்கிட்டு என்ன சொன்னீங்க? “மச்சான், உங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரில சும்மா வாங்கறவன் கும்பிட்டுட்டுப் போவான். காசு குடுத்தவன்தான் அதட்டிக் கேப்பான். கேக்கறவன் இருந்தாத்தான் வைத்தியம் வைத்தியமா இருக்கும்.” நான் என்ன சொன்னேன்? “உங்க பக்கம் காசுக்காரன் முன்னாடி நிக்கறான். எங்க பக்கம் நோவுக்காரன் முன்னாடி நிக்கறான்.” நான் அஞ்சாங்கிளாஸ், நீங்க பட்டம். ஆனா இந்த ஒரு வரிக்கு உங்ககிட்ட இன்னி வரைக்கும் பதிலு இல்ல.

தனியார்ல சொன்ன தொகையக் கேட்டதும் புரை விழுந்த கண்ணே பாதி தெறந்துச்சுல்ல உங்களுக்கு? அப்பறம் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்து, “அஞ்சு மாசம் ஆக்குவானுங்க மச்சான், அதுக்குள்ள நான் தடவிக்கிட்டுத் திரிவேன்”னு என்ன புலம்பல். எத்தன நாள்ல ஆச்சு? தங்கச்சி, இந்த இடம். பதினோரு நாள். இன்னொரு வாட்டி படி.

ஏப்ரல் அஞ்சாந்தேதி டவுன் ஹால்ல கூட்டமாம். கண் பிரிவ ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமான்னு ஜனங்களக் கேக்கப் போறாங்க. வியாபாரிகள் சங்கம் சார்பா குத்தகைய ஆதரிச்சு நீங்க பேசறதா நோட்டீஸ் ஒட்டியிருக்கு. எப்பிடிப் பேசப்போறீங்க, ஆபரேஷன் பண்ணின கண்ண மூடிக்கிட்டா?

நோட்டீசுக்கு முன்னாடி நின்னு தனியா சிரிச்ச
உங்க மச்சான்

•

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேராக எழுதும் காலத்திலேயே உங்களால் என் கையெழுத்தைப் படிக்க முடிந்ததில்லை.

கட்டுப் பிரித்த அன்று, ஓய்வுக்காக வந்து தங்கியிருக்கும் இந்த மகள் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகளின் நிறத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் இத்தனை நாள் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேத்தியின் பாவாடை நீலம். அவளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மச்சான், நான் தோற்றுவிட்டேன். கடைக்காரன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவது உங்களுக்கு எவ்வளவு இனிக்கும் என்று தெரியும், அனுபவியுங்கள். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. உங்களைத் தெரியும் என்பதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரையும்போல பெஞ்சில் உட்கார்ந்தேன், எல்லோரையும்போலக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு வருகிறேன். ஆனால் சங்கம் எதிர்பார்ப்பதைப் பேச மாட்டேன். குத்தகை வேண்டாம், ஆஸ்பத்திரியை அப்படியே விடுங்கள், வேண்டுமானால் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கொடுங்கள் என்று சொல்லப்போகிறேன். நான் சொன்னால் கேட்பார்கள். எதிரணிக்காரன் சாட்சி அல்லவா.

அன்புடன்
மருந்துக்கடை

•

மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசி வந்து அஞ்சு நாளாச்சு. நியாயப்படி இத சட்டம் போட்டு மாட்டியிருக்கணும். சட்டைப்பைல வச்சிருக்கேன்.

எதுக்கு மாப்ளே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணும்? இப்பத்தான் ஆபரேஷன் ஆன கண்ணு. தூசி படும். தங்கச்சி, நீயாவது சொல்லு. அப்பிடியே வந்தாலும் பழையபடி பேசிட்டுப் போங்க. சங்கத்துக்காரங்க வருத்தப்படுவாங்க. நாப்பது வருஷம் ஒரு பக்கம் நின்ன மனுஷன் ஒரே நாள்ல இந்தப் பக்கம் குதிச்சா எனக்குச் சண்டை போட ஆளு யாரு?

இங்க ஒண்ணும் விசேஷம் இல்ல. ரெக்கார்ட் ரூம் பக்கம் நாலு நாளாப் போகல. ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷத்துல அங்க போகாம இருந்தது இப்பத்தான். அங்க உள்ள பசங்க, “என்ன பெரிசு, ஃபைல் கட்ட வரலியா, நாங்க பாவம்”னு ஆளனுப்பினாங்க. முழங்கால் வலின்னு சொல்லியனுப்பிட்டேன்.

தெருமுனைல ஒரு தையல் கடையில சட்டைக்குத் துணி குடுத்தேன். எனக்குச் சட்டை இல்லாம இல்ல.

உங்க மச்சான்

•

மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தில் கிண்டலே இல்லை. காய்ச்சலா? உங்கள் தங்கை பயந்துவிட்டாள். “அண்ணன் இப்பிடி எழுதாதே, சட்டை தச்சதெல்லாம் எதுக்கு எழுதுது?” என்று என்னைக் கேட்கிறாள், ஏதோ நான் எழுதியதைப் போல.

பேச்சைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு விவரம் வேண்டும். ரெக்கார்ட் ரூமில் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தேதி கொடுத்தபோது எனக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருந்தார்கள்? அந்த எண்ணிக்கையைச் சொல்லி, “இத்தனை பேரைத் தாண்டி அல்ல, இத்தனை பேரோடு சேர்ந்து என் முறை வந்தது” என்று ஆரம்பிப்பதாக இருக்கிறேன். கூட்டம் அசந்துவிடும்.

அன்புடன்
மருந்துக்கடை

•

மார்ச் 25

தங்கச்சி, இத நீ படிக்காதே. பிரிச்சிட்டேன்னா மூடி அவர்கிட்டக் குடு. இப்ப அவருக்குப் படிக்கலாம்.

மாப்ளே,

எத்தன பேருன்னு கேட்டிருந்தீங்க. ஒரு ஆளு. சொல்றேன்.

கண் பிரிவுல ஃபைலுக்கு ரெண்டு நாடா. காத்திருக்கலாம்னா வெள்ளை. காத்திருக்கக் கூடாதுன்னா சிவப்பு. வாரத்துக்கு அந்த மாதிரி பன்னெண்டு ஆபரேஷன்தான் முடியும். அதனால சிவப்பு நாடாவும் பன்னெண்டுதான் எண்ணிக் குடுப்பாங்க. இல்லன்னா டாக்டருக்கு டாக்டர் எல்லாத்தையும் சிவப்பாக் கட்டிடுவாங்க. முப்பத்தொரு வருஷம் அந்த நாடாவக் கட்டினவன் நான். ஒரு நாள் ஒண்ணு மாத்தினதில்ல. மந்திரியோட மாமியாருக்கே வெள்ளை கட்டியிருக்கேன்.

உங்க ஃபைல் வெள்ளைல இருந்துச்சு. புரைதான, இருக்க வேண்டியதுதான். அன்னிக்கு ரூம்ல யாரும் இல்ல, டீ குடிக்கப் போயிருந்தாங்க. சிவப்புக் கட்டு மேசை மேல இருந்துச்சு. டிராயர்ல நாடா இல்ல. கட்டுல அடியில இருந்த ஃபைல உருவி, அதுல இருந்த சிவப்ப அவுத்து உங்களுக்குக் கட்டினேன். உங்க வெள்ளைய அதுக்குக் கட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை.

டாக்டர் அவசரப்படியே அடுக்குவார். மேல இருக்கறது ரொம்ப அவசரம், அடியில இருக்கறது உள்ளதுல கொஞ்சம் தேவல. அது எனக்குப் பழக்கம். அடி ஆளு ஒரு வாரம் பொறுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். ஆனா அன்னிக்குக் கட்ட மேசைல கவுத்து வச்சிருக்காங்க. நான் அடின்னு உருவினது மேல இருக்க வேண்டியது.

நான் உருவின ஃபைலுக்குள்ள இருந்த ஓ.பி. நோட்டு எனக்கு ஞாபகம் இருந்துச்சு, டாக்டரப் பாக்க வர்ற அன்னிக்கு அத நோயாளி கைல குடுப்பாங்க. முதுகு கிழிஞ்சு, மஞ்ச நூல்ல மெஷின் தையல் போட்டிருந்துச்சு. நல்ல வேலைப்பாடு இதுன்னு அப்பவே நெனச்சேன். இந்த மாசம் பன்னெண்டாந்தேதி ஓ.பி. பெஞ்சுல ஒரு அம்மா மடியில அதே நோட்டு. தையல்காரம்மா. அம்பது வயசு இருக்கும். கண்ணுல பிரஷர். கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு வீட்டுலயே இருந்திருக்காங்க. வலது கண்ணு போயிடுச்சு. திரும்ப வராதுன்னு டாக்டர் சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். என் காதுக்கு அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு.

அவங்க கடைதான் தெருமுனைல. துணி குடுக்கற சாக்குல போனேன், சொல்லிடணும்னு. அளவெடுத்தாங்க. அப்பறம், “ஐயா, இந்த ஊசில கொஞ்சம் நூலக் கோத்துக் குடுங்களேன், தூரம் பிடிபட மாட்டேங்குது”ன்னாங்க. கோத்துக் குடுத்தேன். “ஏம்மா, ஒரு மாசம் கூப்பிடலன்னா போய்க் கேக்கறதில்லையா?”ன்னேன். அதுக்கு அவங்க சொன்னாங்க, “சும்மா பாக்கறவங்களப் போய் எப்பிடிங்க அதட்டறது? அவங்களுக்கு எத்தனை பேரோ.”

உங்க வாய்ல நாப்பது வருஷமாக் கேட்ட பேச்சு, மாப்ளே. நான் எந்திரிச்சு வந்துட்டேன். சொல்லல.

தங்கச்சி அழுதாளேன்னு, உங்க புலம்பல் தாங்கலன்னு ஏதாவது காரணம் சொல்லலாம். பொய். அஞ்சு மாசம் ஆகியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. அதுக்குத்தான் செஞ்சேன். உங்ககிட்ட ஒரு தடவ ஜெயிக்கணும்னு.

இப்பப் போய் அந்த மேடைல எல்லாரையும்போல என்னையும் கூப்பிட்டாங்கன்னு பேசாதீங்க.

மச்சான்

•

மார்ச் 29

மச்சானுக்கு,

படித்தேன். உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டாள், சட்டை அளவு என்று சொல்லிவிட்டேன்.

நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். பாதியில் எழுந்து ஜன்னலை மூடிவிட்டேன்.

ஐந்தாம் தேதி வருகிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

மருந்துக்கடை

•

ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வருவீங்கன்னு வாசல்ல நின்னேன். நீங்க அந்தப் பக்கக் கதவு வழியாப் போய் பஸ் ஏறிட்டதா சங்கத்து ஆளு சொன்னார். வீட்டுல உங்களுக்கும் சேத்து உலை வச்சிருந்தேன்.

நீங்க பேசினத நான் மூணாவது வரிசைல உக்காந்து கேட்டேன். மைக் இருந்ததால தப்பிச்சேன். தப்பிக்கலன்னும் சொல்லலாம். “எனக்கு நல்ல வைத்தியம் பாத்தாங்க. ஆனா நான் வரிசை தாண்டிப் போனவன். என் இடம் இன்னொருத்தரோடது. தாண்டச் சொன்னது நான்தான், வேற யாரையும் கேக்காதீங்க”ன்னீங்க. ஹால்ல எல்லாரும் உங்களப் பாத்தாங்களே ஒரு பார்வை. கம்பெனி ஆளு வேகவேகமா எழுதிக்கிட்டார். எனக்குப் பின்னாடி ஒருத்தன், “மருந்துக்கடைக்காரன் புத்தி”ன்னான். நான் திரும்பல. கைய மடில வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தேன். கை தூக்கினா போதும். தூக்கல.

உங்கமேல கோவம் வந்துச்சு மாப்ளே. வீட்டுக்கு வந்து வெறும் சோத்தப் போட்டுக்கிட்டு உங்களத் திட்டிக்கிட்டே தின்னேன். நீங்க என்ன பண்ணீங்க? சொந்தக்காரன்னு எனக்கு ஒரு நாடா மாத்திக் கட்டிட்டீங்க. நான் உங்களுக்குப் பண்ணினதயே நீங்க எனக்குப் பண்ணீங்க. என்ன, என்னைவிட அழகாப் பண்ணீங்க.

மறுநாள் காலைல பெரிய டாக்டரப் பாத்தேன். என் எழுத்துல எழுதிக் குடுத்தேன். பிழை இருந்துச்சு, அவர் திருத்தல. கீழ கையெழுத்து மட்டும் இன்னும் தெளிவாப் போடச் சொன்னார். ரெக்கார்ட் ரூமுக்கு இனி நான் வரக் கூடாது. விசாரணை இருக்கும், கூப்பிட்டா வரணும். உங்கமேல தப்பில்ல, உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கேன். சங்கத்துக்கும் ஒரு நகல் குடுத்துட்டேன். குத்தகை விஷயம் என்ன ஆகும்னு தெரியல. உங்க பக்கம் ஜெயிச்சாலும் என் பக்கம் ஜெயிச்சாலும் இந்த வருஷம் என்னால கொண்டாட முடியாது.

அங்கேருந்து நேராத் தையல் கடைக்குப் போனேன். உக்காரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். கவுத்து வச்சிருந்த கட்டு வரைக்கும். மெஷின நிறுத்திட்டுக் கேட்டாங்க.

“அப்ப நான் எத்தனாவதா இருந்தேன்?”

“மொதல் ஆளும்மா.”

ஜாக்கெட்டுக்கு வெட்டி வச்சிருந்த ஒரு கையத் தடவித் தடவி நேராக்கினாங்க. அப்பறம், “அந்த மருந்துக்கடைக்காரர எனக்குத் தெரியும். பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்தார். சொட்டு மருந்த எப்பிடி விடணும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தார்”ன்னாங்க. “என்னைக் கேட்டிருக்கலாமே. ரொம்பக் கஷ்டப்படறார், உன் இடத்தக் குடுக்கறியான்னு. குடுத்திருப்பேனோ, மாட்டேனோ, அது தெரியல. ஆனா கேட்டிருக்கணும்.”

“ஆமாம்மா”ன்னேன். இந்த ஆமா எதுக்குன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.

என் துணிய எடுத்து மடிச்சுக் கைல குடுத்தாங்க. வெட்டல. அளவு எழுதின சீட்டையும் குடுத்தாங்க.

தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்ல, இந்தக் கடுதாசியக் குடுங்க. அவ என்கூடப் பேசாட்டிப் பரவால்ல. நீங்களும் இப்ப எழுத வேணாம். எழுதணும்னு தோணறப்ப எழுதுங்க. எத்தன மாசம் ஆனாலும் நான் அவசரப்பட மாட்டேன்.

வர்ற செவ்வாக்கெழம அந்த அம்மாவுக்கு இடது கண்ணுக்கு ஆபரேஷன். அது பொழைக்கும்னு டாக்டர் சொல்றார். கூடத் தொணைக்கு யாரும் இல்ல. நான் வந்து வெளிய பெஞ்சுல உக்காரட்டுமான்னு கேட்டேன்.

வேணாம்னுட்டாங்க.

நான் போகல.

மச்சான்