அம்மாவின் அரிப்பு நோட்டு

அக்கா, இந்தப் பக்கத்தை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் இருப்பவர்களிடம்கூட. நாங்கள் நலம், நீ வேளைக்குச் சாப்பிடு, பெரியவளே நீ நன்றாக இருப்பாய் என்று மறுபக்கம் இருப்பதெல்லாம் சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. விரல்கள் வீங்கி அவளால் பேனா பிடிக்க முடியவில்லை, அதை எழுதாதே என்றாள். அவள் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்தத் தடிப்பு போகவேயில்லை அக்கா, கழுத்து முதுகு எல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடக்கிறது. பழைய மாத்திரை போட்டுத் தூங்கி வழிந்து தையல் மெஷினில் விரலைத் தைத்துக்கொண்டாளே, அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அங்கே அரிப்பை அடக்கும், ஆனால் தூக்கம் வரவைக்காத ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை தினம் ஒன்று கொடுக்கிறார்கள். அரிப்பு எவ்வளவு என்று நோட்டில் தினமும் எண் போட வேண்டும், அரிப்பே இல்லாவிட்டால் சைபர், தாங்க முடியாவிட்டால் மூன்று. நான்தான் போடுகிறேன், அம்மா சைபரே போடச் சொல்கிறாள். “மூணு போட்டா எனக்கு இது கேக்கலைன்னு அனுப்பிடுவாங்கடி. நீ கணக்குல வாங்குவியே, அதையே போடு” என்று சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே சீப்பால் முதுகைச் சொறிகிறாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போகிறாள், டாக்டரும் நோட்டை மட்டும் பார்த்து, “பரவாயில்லையே, ஒரு மாத்திரையிலேயே நல்லா கேக்குதே” என்றார்.

போன வாரம் நர்ஸ் அதே ஆராய்ச்சியில் இருக்கும் இன்னொரு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “நம்பர் குறையலைன்னா யாரையும் அனுப்ப மாட்டோம்மா, மாத்திரையத்தான் ரெண்டாக்குவோம்.” அக்கா, அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய மாத்திரையை நான்தான் தடுத்துக்கொண்டு இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், “அது யாருக்கோ சொன்னது, உனக்கென்னடி தெரியும்” என்று வாயை அடைத்துவிட்டாள். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம், தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு உதடும் வீங்கிவிட்டது. உதடோ நாக்கோ வீங்கினால் பேச்சும் மூச்சும் அடைத்துவிடும், அந்த நிமிஷமே வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள், அம்மா விடிந்தால் வற்றிவிடும் என்று படுத்துவிட்டாள். சத்தியத்தை மீறிவிட்டேன் அக்கா, அவளுக்கு ஒன்றும் ஆகாதே? சைபரையெல்லாம் அடித்துவிட்டு மூன்று போட்டுவிட்டேன். காலையில் நோட்டை நானே கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். அம்மா என்னோடு பேசாமல் இருந்தால் நீதான்

கதவைத் தட்டும் சத்தம். அம்மாதான். ஏன் கூப்பிடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறாள்